நீளத்துக்கும் ஆழத்துக்கும் ஒரே அளவு

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். நான் அவளுக்கு நாத்தனார். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம், ஒரே பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறோம். ஒரு மனுஷியின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுப்பு தட்டாது? ஆனால் இப்போது அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பேசுவதைவிட, கூடவே இருந்து பார்த்த நான் பேசிவிட்டுப் போகிறேன்.

நிலத்தடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, அதில் ஏதாவது கலந்தால் எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் தொழில். ரொட்டியை அறுப்பது மாதிரி பூமியை நெடுக அறுத்து, அறுத்த முகத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் வரும்படி கணக்கை ஓடவிடுவார்கள். லட்சக்கணக்கில் எண்கள் வந்து விழும். அதை எந்த மகராசனும் படிக்க மாட்டான். அந்த எண்களுக்கு நிறம் கொடுத்துப் படமாக்குவது அண்ணியின் வேலை. படத்தை அச்சடித்து, அடுக்கி, அட்டை போட்டு அறிக்கையாகக் கட்டுவது என் வேலை. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவளும் அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்கு அலுவலகத்தில் ‘சதுரம்’ என்று பட்டப்பெயர். காரணம் இருக்கிறது. படம் போடும் மென்பொருளை அதன் போக்கில் விட்டால், காகிதத்தில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோமோ அவ்வளவையும் நிரப்பத்தான் பார்க்கும். நூறு மீட்டர் நீளமும் பத்து மீட்டர் ஆழமும் உள்ள நிலத்தை அரைப் பக்கத்தில் அடைக்கச் சொன்னால், ஆழத்தைப் பிடித்து இழுத்து நிரப்பிவிடும். அப்போது சதுரமான பள்ளம் கிணறு மாதிரி தெரியும், சாதாரண மேடு மலை மாதிரி தெரியும். ஓரத்தில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எண்ணைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அண்ணி ஒவ்வொரு படத்திலும் கையால் மாற்றுவாள். நீளத்துக்கு ஒரு மீட்டர் எவ்வளவோ, ஆழத்துக்கும் ஒரு மீட்டர் அவ்வளவு. “சதுரத்தைச் சதுரமாக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்” என்று புதிதாக வருகிறவர்களின் உயிரை வாங்குவாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். அண்ணன் புதுத் தொலைக்காட்சி வாங்கி வந்த அன்று எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் வந்து நின்றாள், பார்த்தாள், “எல்லாரும் குண்டாத் தெரியறாங்களே” என்றாள். ரிமோட்டைப் பிடுங்கி எதையோ அழுத்தினாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து படம் சுருங்கிப்போனது. “கொடுத்த காசுக்கு முழுசாப் பாக்கக் கூடாதா?” என்று அண்ணன் கேட்டான். “முழுசாப் பொய் பாக்கறதுக்குக் கொஞ்சமா நிஜம் பாருங்க” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பட்டை வைத்த படம்தான்.

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. அவள் அப்பா வீடு ஒரு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், அந்த மேடு சரியுமா என்று ஏதோ ஓர் அலுவலகம் ஆராய்ந்து படம் போட்டது. படத்தில் மேடு செங்குத்தாக, இப்போதோ அப்போதோ தலையில் விழுகிற மாதிரி நின்றது. பார்த்த அதிகாரிகள் பயந்துபோனார்கள். தெருவையே காலி செய்ய வைத்தார்கள். அவள் அப்பா ஒரு வாடகை அறையில் போய் அடைந்து, ‘என் வீடு, என் வீடு’ என்று புலம்பியே போய்ச் சேர்ந்தார். பல வருஷம் கழித்து இந்த வேலைக்கு வந்த பிறகு அந்தப் பழைய அறிக்கையை அண்ணி தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். படத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் ‘குத்து: மூன்று மடங்கு’ என்று இருந்ததாம், அதாவது உயரத்தை மூன்று மடங்கு இழுத்து வரைந்திருக்கிறார்கள். அந்த மேடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. புல் முளைத்திருக்கிறது, ஆடு மேய்கிறது.

அதனால் அவள் எங்கள் அலுவலகத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தாள். அதை ஒரு தாளில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, வரவேற்பறைச் சுவரில் ஒட்டினாள். ஆழத்தை இழுத்து வரைந்த படத்தைப் பொதுமக்கள் முன்னால் காட்டக் கூடாது, அது அவர்களிடம் பொய் சொல்வதற்குச் சமம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மேலாளர் எதற்கும் தலையாட்டுகிற ஆள், இதற்கும் ஆட்டினார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று படிப்பார்கள். அண்ணிக்கு உள்ளுக்குள் பெருமைதான், முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் குட்டை விவகாரம் வந்தது.

நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. அதன் கழிவுத் தண்ணீரை விடுவதற்குப் பெரிய குட்டை ஒன்று வெட்டப்போகிறார்கள். குட்டையின் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போடவேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. போட்டால் கழிவு கீழே இறங்காது, ஆனால் தொழிற்சாலைக்குச் செலவு. போடாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால் எங்கே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நாங்கள். அதை அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்டால் விரிப்பு இல்லாமலே வெட்டலாம்.

குட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர். அந்த நடுவில்தான் அண்ணியின் அக்கா வீடு இருக்கிறது. அக்கா என்றால் அண்ணிக்கு அம்மா மாதிரி. அம்மா போன பிறகு தலைவாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கிணறு. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அக்காவுக்கு உயிர். யார் போனாலும் உட்கார்வதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்து, “குடிச்சுப் பாருங்க, சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும்” என்பாள். அக்கா வீட்டுக்காரருக்கு, நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், அதே தொழிற்சாலையில் லாரி எடை போடும் இடத்தில் வேலை. மனுஷர் நல்லவர்தான், ஆனால் சம்பளம் தருகிற கையை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்.

கணக்கு ஓடி முடிந்தது. அண்ணி படம் போட்டு என் அறைக்கு அனுப்பினாள். இருப்பதிலேயே பெரிய தாளில் அச்சடித்தேன். எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்தது. மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து, இயந்திரத்தைத் திறந்து, குலுக்கி, திட்டி, மறுபடி அடித்தேன். மறுபடியும் கோடுதான்.

“அண்ணி, மெஷின் மக்கர் பண்ணுது. வெறும் கோடுதான் வருது” என்று கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள். “மெஷின் சரியாத்தான் இருக்கு. மூணு கிலோமீட்டர் நீளம், முப்பது மீட்டர் ஆழம். தாள்ல முப்பது சென்டிமீட்டர் நீளம் வந்தா ஆழம் மூணு மில்லிமீட்டர்தான் வரும்.”

“இதுல கழிவு எங்க இருக்கு?”

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “அந்தக் கோட்டுக்குள்ள ஒரு சிவப்பு இழை இருக்கு பாரு. அதான்.”

“அக்கா வீட்டுக் கிணறு?”

அவள் விரல் நகத்தால் அந்த இழை மேலே ஓரிடத்தில் தொட்டாள். கிணறு ஒரு மில்லிமீட்டர் இருக்கும். சிவப்பு அதன் அடியைத் தொட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள் சொன்னதால் நம்பினேன். கழிவு, குடிக்கலாம் என்ற அளவைத் தாண்டினால்தான் சிவப்பு. சில வருஷங்களில் அந்தத் தெருக் கிணறு அத்தனையும் சிவப்பு என்பது கணக்கு. அறிக்கையின் பின்பக்கத்தில் அட்டவணையாகவும் இருந்தது. அட்டவணையை யார் புரட்டுகிறார்கள்? நானே பக்க எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

தொழிற்சாலைக்காக இந்த விவகாரத்தைப் பார்த்துக்கொண்ட பொறியாளருக்கு நான் ‘இஸ்திரி’ என்று பெயர் வைத்திருந்தேன். எந்த நேரத்தில் வந்தாலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. அவர் வந்து படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. “அருமை! எங்க ஆளுங்க போட்டிருந்தா இழு இழுன்னு இழுத்து ஜனங்களைப் பயமுறுத்தியிருப்பாங்க. இந்தம்மா போட்டதுதாங்க நேர்மையான படம்” என்று அண்ணியைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். போகும்போது வரவேற்பறையில் நின்று சுவர்த்தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அதை நான் பார்த்தேன். ரசித்து எடுக்கிறார் என்று நினைத்தேன், மண்டு!

அன்று பேருந்தில் அண்ணி எங்கள் நிறுத்தத்தையே கவனிக்கவில்லை, நான்தான் பிடித்து இறக்கினேன். இறங்கி நடக்கும்போது, “அந்தப் படத்தைக் காட்டினா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க” என்றாள்.

“அப்ப இழுத்துப் போடுங்க.”

“நான் எப்படிடீ போடறது? நானே எழுதி ஒட்டியிருக்கேன்.”

“ஒட்டினது நீங்கதானே, கிழிச்சுப் போடுங்க. அக்காவைவிடவா அந்தத் தாள் பெருசு?” என்று வள்ளென்று விழுந்தேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மறுநாள் இழுத்த படம் ஒன்றைப் போட்டாள். ஆழம் இருபது மடங்கு. மனசே இல்லாமல் போட்டாள் என்பது எனக்குத் தெரியும். அச்சடித்துக் கொடுத்தபோது தாளைத் தலைகீழாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து, “அதோ நிக்கறா பாரு, என் தங்கச்சி” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் மேடையில். மேலாளர் முதல் படத்தைத் திரையில் காட்டினார். அவ்வளவு பெரிய திரையிலும் ஒரு ரிப்பன் அகலத்துக்கு ஏதோ தெரிந்தது. “இதுலதான் உங்க பூமி, உங்க கிணறு, எல்லாம் இருக்கு” என்றார். ஜனங்கள் உற்றுப் பார்த்தார்கள். யாரோ, “ஒண்ணுமே இல்லையே” என்றார். ஒரு நிம்மதிச் சிரிப்பு பரவியது.

அப்போது அண்ணி எழுந்தாள். “இன்னொரு படம் இருக்குங்க” என்று இரண்டாவதைப் போட்டாள்.  திரை முழுக்கச் சிவப்பு. குட்டையிலிருந்து கிளம்பி, அருவி மாதிரி செங்குத்தாக விழுந்து, கிணறுகளின் அடியில் போய்த் தேங்கி நின்றது. கிணறுகள் ஒவ்வொன்றும் பூமிக்குள் அடித்த ஈட்டி மாதிரி நீண்டிருந்தன. “ஐயையோ, நம்ம தெருவா இது?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் அலறினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாட்டினான் இஸ்திரி என்று நினைத்தேன்.

இஸ்திரி மெல்ல எழுந்தார். “அம்மா, ஒரு சின்ன சந்தேகம். இந்தப் படத்துல ஆழத்தை எத்தனை மடங்கு இழுத்திருக்கீங்க?”

“இருபது.”

“உங்க ஆபீஸ் சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. அதை எழுதினது யாரு?”

“நான்தான்.”

அவர் கைபேசியை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஆழத்தை இழுத்து வரைந்த படத்தைப் பொதுமக்கள் முன்னால் காட்டக் கூடாது, அது அவர்களிடம் பொய் சொல்வதற்குச் சமம். படித்துவிட்டு, “இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீங்களா, இல்ல இன்னைக்கு மட்டும் மாத்திக்கிட்டீங்களா?” என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு பணிவு!

வேறு யாராக இருந்தாலும் ‘அது வேற, இது வேற’ என்று அடித்துப் பேசியிருப்பார்கள். நானாக இருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். இந்த மகராசி யோசித்தாள். அத்தனை பேர் முன்னால், திரைக்குப் பக்கத்தில் நின்று, கேள்வி நியாயமானதுதானா என்று யோசித்தாள். “சரிவு தப்பாத்தான் தெரியும். இவ்வளவு செங்குத்தா எதுவும் விழாது. ஆனா…” என்றாள். அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் அவள் சொன்னதுதான் முக்கியம். சரிவு எப்படி இருந்தாலும் கழிவு கிணற்றைத் தொடுவது நிஜம், எந்த அளவில் வரைந்தாலும் தொடும் என்றாள். யார் காதில் விழுந்தது? “தப்பாத்தான் தெரியும்னு அவங்களே சொல்றாங்க” என்று ஒருவர் கத்த, மண்டபம் முழுக்க அதுவே ஆகிவிட்டது. எங்கள் மேலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாமா எழுந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுப் பொண்ணுதான். அவங்க அப்பாவோட வீடு ஒரு படத்தால போச்சு. அதுலேர்ந்து கொஞ்சம் பயந்த சுபாவம்” என்றார். அண்ணியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாரோ, வேலையைக் காப்பாற்றச் சொன்னாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் பரிதாபமாகச் சிரித்தார்கள். அண்ணி கையில் வைத்திருந்த அச்சுத் தாளைச் சுருட்டினாள். அது கோணலாகப் போனது, நான்தான் போய் வாங்கிச் சுருட்டினேன். விரிப்பு வேண்டாம் என்று கை தூக்கினார்கள். அக்காவும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் அச்சு அறையில் அடையாள அட்டைக்குப் புகைப்படம் தயார் செய்துகொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தனியாக எடுத்த படம் இல்லை என்று குழுவாக எடுத்ததைக் கொடுத்திருந்தாள். அதில் அவள் முகம் மட்டும் உள்ள இடத்தைத் தேர்ந்து, பெரிதாக்கி, அட்டை அளவுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் அண்ணி நிற்பது தெரியாது.

“இப்ப என்ன பண்ணே நீ?” என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது. “ஏன், மூஞ்சியை மட்டும் வெட்டி எடுத்தேன்.”

“இழுக்கலையே?”

“மூஞ்சியை எதுக்கு இழுக்கணும்? தேவையானதை மட்டும் வெட்டிப் பெருசு பண்ணா ஆச்சு.”

காகிதக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, பட்டென்று சத்தம் கேட்கிற மாதிரி. “மூணு கிலோமீட்டரையும் ஒரே படத்துல காட்டணும்னு யார் சொன்னா? அந்தத் தெருவை மட்டும் வெட்டியிருந்தா போதுமேடீ! இழுக்காமலே தெரிஞ்சிருக்குமே!” என்றாள். இத்தனை வருஷம் இழுப்பதா வேண்டாமா என்றே சண்டை போட்டுப் போட்டு, மூன்றாவதாக ஒரு வழி இருப்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் ஏறியிருக்கும். அக்கா வீடு இருக்கிற இந்தப் படத்தில் ஏறவில்லை.

அரை மணி நேர வேலை. அக்கா வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்கும் குறைவான நிலத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். நீளத்துக்கும் ஆழத்துக்கும் ஒரே அளவு. தாளில் அக்காவின் வீடு வீடாக இருந்தது, கிணறு கிணறாக இருந்தது. கிணற்றின் அடி முழுக்கச் சிவப்பு. என் மாதிரி ஆளுக்கே ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. 

மேலாளரிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். “கூட்டம் முடிஞ்சு, கையெழுத்தும் ஆயிடுச்சும்மா. இப்ப போய் இதைக் கிளறினா நம்ம பேரு கெட்டுப்போகும்” என்றார். அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போனாள், அங்கே வாசலிலேயே உட்கார வைத்து அனுப்பினார்கள். கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனோம், நானும் கூடப் போனேன்.

அக்கா வழக்கம்போலத் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அண்ணி வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் படத்தை விரித்தாள். அக்கா பார்த்தாள். சிரித்தாள்.

“இது மூணாவது படமாடி? மொதல்ல ஒண்ணுமில்லைன்னு ஒரு படம், அப்புறம் பிரளயம் மாதிரி ஒரு படம், இப்ப இது. எதைத்தான் நம்பச் சொல்றே?”

“இதை நம்புக்கா. இதுல எதையும் இழுக்கல. சத்தியமா இழுக்கல.”

“மொதல்ல போட்டியே, அதுலயும் இழுக்கலதானே?”

“இல்ல.”

“அப்ப அதுவும் நிஜம்தானே? அதுல ஒண்ணும் இல்லையே! யாரும் உன்னைப் பயமுறுத்தறதுக்கு முன்னாடி, நீயா போட்டது அது. அதுதான் எனக்கு நிஜம்” என்று அண்ணியின் கன்னத்தைத் தடவினாள். “அப்பா நெனப்பு உன்னை விடமாட்டேங்குதுடி. போய் நல்லாத் தூங்கு.”

சிறு வயதிலிருந்து இவள் ஒரு பொய் சொன்னதில்லை என்பதுதான் அக்காவுக்கு இவளிடம் இருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையே சுவராக வந்து குறுக்கே நின்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நான் கத்தினேன். அக்காவிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை, அன்று கத்தினேன். “அண்ணிக்காரிக்கு வக்காலத்து வாங்கற நாத்தனாரை இப்பத்தான் பாக்கறேன்” என்று அதற்கும் சிரித்தாள்.

குட்டை வெட்டினார்கள், நிரப்பினார்கள். அண்ணி வாரா வாரம் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, அண்ணனின் வண்டியில் கட்டி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவாள். வெயிலோ மழையோ, ஒரு வாரம் தவறாது. அக்காவும் வாங்கி வைத்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். கேன் தண்ணீரை ஊற்றிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள்.

“நீ கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வர்றியே, வேண்டாம்னு சொன்னா மனசு வருத்தப்படுவியேன்னு வாங்கிக்கிட்டேன்டி. குடிக்கறதுக்கு நம்ம கிணறு இருக்கும்போது…” என்றாள்.

அண்ணி அந்தக் கழுவுமிடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். என்ன பிரயோஜனம்?

அக்காவுக்கு முதலில் கால் வீங்கியது. அப்புறம் முகம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தத் தெருவில் அவள் மட்டும் இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எங்களுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார், எங்களைப் பார்க்க மாட்டார். அவரை நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று போன நான், அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

அக்காவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அண்ணிதான் தடுத்தாள். செவிலி ஊசி போட வரும்போதெல்லாம் அக்கா, “இவ என் தங்கச்சி. பெரிய ஆபீஸ்ல படம் போடறா. ஒரு நூல் கூட்டமாட்டா, ஒரு நூல் குறைக்கமாட்டா. எங்க தெருவுக்கே படம் போட்டாளே!” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

அக்காவுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர். அதைக் குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பாள். ஒருநாள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஆஸ்பத்திரித் தண்ணி வாயில வைக்க முடியலடி. மருந்து வாடை. எப்படியும் ஒரு வாய்தான் குடிக்க விடறாங்க, அதை நம்ம கிணத்துத் தண்ணியா குடிக்கறேனே. கொண்டு வரியா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அந்தக் கிணறுதான் காரணம் என்று இப்போதாவது இவள் அக்காவிடம் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“சரிக்கா. நாளைக்குக் கொண்டு வரேன்” என்றாள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்பில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, அக்கா வீட்டுச் செம்பு ஒன்றில் ஊற்றித் துணி கட்டினாள். அந்தச் செம்புக்காக விடியற்காலையில் மாமாவிடம் போய் வந்திருக்கிறாள். மருத்துவமனையில் டம்ளரில் ஊற்றி, அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். “கிணத்துலேர்ந்தா?” என்று அக்கா கேட்டாள். “ஆமாக்கா, இப்பத்தான் இறைச்சேன்” என்றாள் அண்ணி. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழுங்கினாள். முகம் தெளிந்தது. “இதுதான்டி தண்ணி” என்றாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, “எங்க வீட்டுக் கிணறு. என் தங்கச்சி இறைச்சுக் கொண்டுவந்தா” என்றாள்.

வெளியே நடைவழிக்கு வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“நம்பிட்டாடி” என்றாள். “மறு கேள்வி கேக்காம நம்பிட்டா.”